மௌலானா ஆஸாத்: நட்பு, பொதுவாழ்வு, உண்மை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

இந்தியாவின் முதல் கல்வி அமைச்சர் என்று மௌலானா அபுல் கலாம் ஆஸாத் (ரஹ்) அவர்களை நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள். நவம்பர் 11 அவர் பிறந்த நாள். 2008 முதல் அது தேசியக் கல்வி நாளாகக் கொண்டாடப்படுவதும் பலருக்குத் தெரியும். ஆனால் நட்பைப் பற்றியும், பொதுவாழ்வில் ஒரு முஸ்லிம் நடந்துகொள்ள வேண்டிய முறை பற்றியும், உண்மையைச் சொல்வதன் விலை பற்றியும் அவர் நினைத்ததும் எழுதியதும் தமிழ் பேசும் குடும்பங்களுக்குள் அதிகம் வந்து சேரவில்லை. அவர் உர்துவில் எழுதியவர் என்பது இதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணம், தமிழக முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் அரசியலில் அவர் காட்டிய வழியில் செல்லவில்லை. அதைப் பின்னர் பார்ப்போம்.

திருவண்ணாமலை போன்ற கோயில் நகரில் வாழும் நமக்கு இந்த மூன்று விஷயங்களும் ஏட்டுப் பாடம் அல்ல. கார்த்திகை தீபத்துக்கும் பௌர்ணமி கிரிவலத்துக்கும் ஊர் நிறையும்போது நம் கடையும் பக்கத்துக் கடையும் ஒரே கூட்டத்தை நம்பித்தான் திறந்திருக்கின்றன. பள்ளிக்கூடத்திலும் மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் நம் நண்பர்களில் பாதிப் பேர் பிற சமயத்தவர்கள். அவர்களோடு நட்பாக இருந்துகொண்டே நம் மார்க்கத்தில் உறுதியாக நிற்பது எப்படி? நண்பரிடம் தவறு கண்டால் சொல்வதா, மூடி வைப்பதா? நம்மவர்களே தவறும்போது என்ன செய்வது? இந்தக் கேள்விகளோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கு நின்றவர் மௌலானா ஆஸாத்.

சுருக்கமான வாழ்க்கைக் குறிப்பு

1888 நவம்பர் 11 அன்று புனித மக்காவில் பிறந்தார். இயற்பெயர் முஹ்யித்தீன் அஹ்மத். தந்தை மௌலானா கைருத்தீன், டெல்லி மார்க்க அறிஞர் குடும்பத்தைச் சேர்ந்தவர். மக்காவில் தண்ணீர்ப் பஞ்சம் தீர்க்கும் ஜுபைதா கால்வாயைச் செப்பனிட நிதி திரட்டியவர் என்று ஆஸாத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். தாய் மதீனாவின் கல்விக் குடும்பத்தைச் சேர்ந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் கல்கத்தாவுக்கு வந்தது. ஆஸாத் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. தந்தையிடமும் வீட்டுக்கு வந்த ஆசிரியர்களிடமும் அரபி, பாரசீகம், தத்துவம், கணிதம் எல்லாம் கற்றுப் பதினாறு வயதளவில் பாடத்திட்டத்தை முடித்தார்.

அந்த வயதில் அவருக்குள் பெரிய சந்தேகங்கள் எழுந்தன. வழிவழியாக வந்தது என்பதற்காக ஒன்றை ஏற்பது சரியா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பரம்பரையாக வந்த கருத்துகளுக்குக் கட்டுப்பட்டவனல்ல என்பதைக் காட்டவே 'ஆஸாத்' (சுதந்திரமானவன்) என்ற புனைபெயரைச் சூடியதாக அவரே சொல்கிறார். சில ஆண்டுகள் அந்தத் தேடலில் அலைந்து, கடைசியில் குர்ஆனிடமே திரும்பி வந்தார். பெற்றோரிடமிருந்து கிடைத்த ஈமானைத் தானே தேடி மறுபடி அடைந்தவர் அவர்.

முதல் பத்திரிகையின் பெயர்

1903இல், பதினைந்து வயதில், கல்கத்தாவிலிருந்து ஒரு மாத இதழைத் தொடங்கினார். அதன் பெயர் 'லிஸானுஸ் ஸித்க்', அதாவது உண்மையின் நாவு. மறு ஆண்டு லாகூரில் நடந்த அஞ்சுமன் ஹிமாயத்தே இஸ்லாம் கூட்டத்துக்கு அவர் போனபோது, கவிஞர் ஹாலி அந்த இதழின் ஆசிரியர் இந்தச் சிறுவன்தான் என்பதை எளிதில் நம்பவில்லை என்று சொல்வார்கள்.

'ஸித்க்' என்ற சொல்லை இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும். அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களின் பட்டப்பெயர் இதே வேரிலிருந்து வந்தது. அரபியில் நண்பனைக் குறிக்கும் 'ஸதீக்' என்ற சொல்லும் அதே வேர்தான். நண்பன் என்ற சொல்லுக்குள்ளேயே உண்மை இருக்கிறது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்துச் சிறையிலிருந்து தம் நண்பருக்கு எழுதிய கடிதங்களை ஆஸாத் 'ஸதீகே முகர்ரம்' என்றுதான் தொடங்கினார். கண்ணியத்துக்குரிய நண்பரே என்று பொருள்.

கூண்டில் நின்று சொன்னது

1912 ஜூலையில் 'அல்-ஹிலால்' வார இதழைத் தொடங்கினார். வாரம் 26,000 பிரதிகள் வரை விற்றதாக அவர் எழுதுகிறார். உர்து இதழியல் அதுவரை காணாத எண்ணிக்கை அது. ஆங்கிலேய அரசு முதலில் 2,000 ரூபாய் பிணைத்தொகை கேட்டது, பிறகு 10,000 ரூபாய் கேட்டது. இதழ் நின்றது. அடுத்து 'அல்-பலாக்' தொடங்கினார். 1916இல் வங்காளத்தை விட்டு வெளியேறும்படி உத்தரவு வந்தது. 1919 முடியும்வரை ராஞ்சியில் காவலில் வைக்கப்பட்டார்.

கிலாஃபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் சூடு பிடித்திருந்த 1921 டிசம்பரில் கல்கத்தாவில் கைது செய்யப்பட்டு, இந்தியத் தண்டனைச் சட்டம் 124-ஏ பிரிவின் கீழ் ராஜத்துரோக வழக்கில் நிறுத்தப்பட்டார். 1922 ஜனவரியில் நீதிமன்றத்துக்கு அவர் தந்த எழுத்து வாக்குமூலம் 'கௌலே ஃபைஸல்' என்ற பெயரில் நூலாக வந்தது. 'தீர்ப்பான சொல்' என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

அந்த வாக்குமூலத்தில் அவர் தம்மைக் காப்பாற்றிக்கொள்ள முயலவில்லை. தாம் பேசியதாக அரசு சொல்வது உண்மையே என்றும், அநீதியான ஆட்சியை அநீதி என்று சொல்லாவிட்டால் தாம் முஸ்லிமாக இருக்க முடியாது என்றும் வாதிட்டார். போர்க்களங்களுக்கு அடுத்தபடியாக மிகப் பெரிய அநீதிகள் நடந்த இடம் நீதிமன்றங்கள்தான் என்று வரலாற்றை எடுத்துக்காட்டினார். அதே சமயம் எதிரில் உட்கார்ந்திருந்த நீதிபதியின் மீது அவருக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. ஓராண்டுக் கடுங்காவல் தண்டனை கிடைத்தபோது, எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்றார்.

கொடுங்கோல் ஆட்சியாளன் முன்னால் சொல்லப்படும் நீதியான சொல்லின் சிறப்பைப் பற்றிய நபிமொழி நமக்கெல்லாம் தெரியும். ஜும்ஆ பயானில் பலமுறை கேட்டிருக்கிறோம். அதைக் கூண்டில் நின்று வாழ்ந்து காட்டியபோது மௌலானாவுக்கு வயது 33.

பெயர் தெரியாத ஒரு நண்பர்

'தர்ஜுமானுல் குர்ஆன்' ஆஸாத்தின் தலையாய மார்க்கப் பணி. 1930களில் இரண்டு பாகங்கள் வெளிவந்தன. குர்ஆன் முழுவதையும் அவரால் முடிக்க இயலவில்லை. காவல்துறை சோதனைகளில் கையெழுத்துப் பிரதிகள் பறிபோனதும் அதற்கு ஒரு காரணம்.

இத்தகைய நூலை ஓர் ஆட்சியாளருக்கோ செல்வந்தருக்கோ அர்ப்பணிப்பது அன்றைய வழக்கம். ஆஸாத் அதைப் பெயர் தெரியாத ஒருவருக்கு அர்ப்பணித்தார். ராஞ்சியில் காவலில் இருந்த காலத்தில், ஒரு குளிர்கால இரவு இஷா தொழுகை முடிந்து வரும்போது கம்பளி போர்த்திய ஒருவர் பின்னால் வந்தார். குர்ஆனில் சில இடங்கள் புரியவில்லை, அவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள கந்தஹாரிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னார். அவ்வளவு தூரத்தில் பெரும்பகுதியை நடந்தே கடந்திருந்தார். சில நாட்கள் தங்கிக் கற்றார். பிறகு ஒருநாள் சொல்லாமலே போய்விட்டார். சொன்னால் மௌலானா வழிச்செலவுக்குப் பணம் கொடுப்பார், அந்தச் சிரமத்தை அவருக்குக் கொடுக்கக் கூடாது என்பதே காரணம் என்று ஆஸாத் புரிந்துகொண்டார். பெயர் நினைவில் இல்லை, உயிரோடு இருக்கிறாரா என்றும் தெரியாது, இருந்தாலும் இந்த நூல் அவருக்கே என்று எழுதினார்.

எதையும் எதிர்பார்க்காமல் வந்து, எதையும் வாங்காமல் போனவரை வாழ்நாள் நண்பராக நினைவில் வைத்துக்கொண்டார் மௌலானா. நம் காலத்தில் நட்பு என்றால் யாருக்கு யாரால் என்ன காரியம் ஆகும் என்ற கணக்காகிவிட்டது. அந்தக் கணக்குக்குள் வராத நட்பு இது.

அகமதுநகர் கோட்டைக் கடிதங்கள்

1942 ஆகஸ்ட் 9. வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறிய மறுநாள் அதிகாலை, காங்கிரஸ் தலைவராக இருந்த ஆஸாத் பம்பாயில் கைதானார். ஜவாஹர்லால் நேரு, சர்தார் படேல், ஆஸஃப் அலி, கோவிந்த வல்லப பந்த், ஆச்சார்ய நரேந்திர தேவ், சையத் மஹ்மூத் முதலியவர்களோடு அகமதுநகர் கோட்டையில் அடைக்கப்பட்டார். அந்தச் சிறையில்தான் நேரு தம் 'டிஸ்கவரி ஆஃப் இந்தியா'வை எழுதினார். அங்கேதான் ஆஸாத் 'குபாரே காத்திர்' கடிதங்களையும் எழுதினார். மனத்தின் புழுதி என்பது தலைப்பின் பொருள்.

கடிதங்கள் யாருக்கு? அலிகார் பக்கத்தைச் சேர்ந்த மௌலானா ஹபீபுர் ரஹ்மான் கான் ஷெர்வானிக்கு. அவர் பேரறிஞர், அரிய கையெழுத்துச் சுவடிகளைச் சேர்த்தவர், ஹைதராபாத் நிஜாம் அரசில் மார்க்கத் துறையின் உயர் பொறுப்பில் இருந்தவர். சிறைக்குப் போகும் போராட்ட அரசியல் அவருடைய பாதையல்ல. பாதைகள் வேறாக இருந்தும் பல பத்தாண்டுகள் அந்த நட்பு அறுபடவில்லை. அவர்களுக்குள் பேச நூல்கள் இருந்தன, கவிதை இருந்தது, மார்க்கம் இருந்தது. அரசியலை அந்த நட்புக்குள் இருவரும் கொண்டுவரவில்லை.

சிறையிலிருந்து கடிதம் அனுப்ப அனுமதி இல்லை. போய்ச் சேராது என்று தெரிந்தே எழுதி வைத்தார். விடுதலைக்குப் பின் 1946இல் அவை நூலாயின. நாட்டின் தலையெழுத்து எழுதப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், அந்தக் கடிதங்களில் என்ன இருக்கிறது? விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு எழுந்து தாமே போட்டுக் குடித்த சீனத் தேநீர் இருக்கிறது. தேயிலையில் பாலைக் கொட்டிக் கெடுக்கிறார்கள் என்ற செல்லக் கோபம் இருக்கிறது. அறையின் கூரையில் கூடு கட்டிய சிட்டுக்குருவிகளோடு முதலில் சண்டை போட்டு, தோற்று, பிறகு சமாதானமாகி, தானியம் போட்டுப் பழக்கிய கதை இருக்கிறது. குருவிகளுக்குக் கலந்தர், முல்லா, மோத்தி என்று பெயரும் வைத்தார். நடுவே இறைவனைப் பற்றியும், சந்தேகத்தைக் கடந்து ஈமானை அடைவதைப் பற்றியும் ஆழமான பக்கங்கள் வருகின்றன.

மனத்தில் இருப்பதைக் கலப்பில்லாமல் சொல்ல ஓர் ஆள் வேண்டும். எதிரில் அந்த ஆள் இல்லாவிட்டாலும், அவரை நினைத்தால் பொய் வராது. நட்பை ஆஸாத் இப்படித்தான் புரிந்துகொண்டார் என்று அந்தக் கடிதங்களைப் படிக்கும்போது தோன்றுகிறது.

1943 ஏப்ரல் கடிதம்

அந்தத் தொகுப்பிலேயே மனத்தை உலுக்குவது 1943 ஏப்ரல் 11 தேதியிட்ட கடிதம். மனைவி ஜுலைகா பேகம் கல்கத்தாவில் நோயுற்றிருந்தார். கைதாவதற்கு முன் ஆகஸ்ட் தொடக்கத்தில் அவர் பம்பாய்க்குக் கிளம்பும்போது வாசல்வரை வந்து குதா ஹாஃபிஸ் சொன்னதுதான் கடைசிச் சந்திப்பு. மார்ச் மாதம் நிலைமை மோசம் என்று செய்தி வந்தது. சிறைக் கண்காணிப்பாளர் வந்து, அரசிடம் ஏதாவது கேட்பதாக இருந்தால் உடனே பம்பாய்க்கு அனுப்புகிறேன் என்றார். இந்த அரசிடம் எந்த விண்ணப்பமும் வைக்க மாட்டேன் என்று ஆஸாத் மறுத்தார். நேரு வந்து நெடுநேரம் பேசிப் பார்த்தார். அவரிடமும் அதே பதில்தான். ஏப்ரல் 9 அன்று மரணச் செய்தி வந்தது.

இதோடு நின்றிருந்தால் இது ஒரு தியாகக் கதை. ஆஸாத் அங்கே நிற்கவில்லை. அந்த நாட்களில் தம் அன்றாட ஒழுங்கு எதையும் மாற்றாமல், வழக்கமான நேரத்தில் சாப்பிட வந்து, கலங்காதவர்போல் இருந்ததை விவரித்துவிட்டு, அந்த அமைதி உள்ளத்தின் தற்பெருமை ஆடிய நாடகம் என்று அதே கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார். உடலும் மனமும் உள்ளே நொறுங்கிக்கொண்டிருந்ததை மறைக்கவில்லை. அடுத்தவர் தவறைச் சொல்வது எளிது. ஊரே நம்மைப் புகழும் ஒரு செயலுக்குள் இருந்த நம் சொந்தப் பெருமையை நாமே எடுத்துக் காட்டுவது வேறு. உண்மையின் கடினமான பகுதி அதுதான்.

1945 ஜூனில் விடுதலையாகிக் கல்கத்தா திரும்பியபோது வீட்டுக்குப் போகும் முன் வண்டியை மனைவியின் கபருக்குத் திருப்பச் சொல்லி, அங்கே நின்று ஃபாத்திஹா ஓதினார்.

ஏச்சுக்குப் பதில் ஏச்சு இல்லை

காங்கிரஸ் தலைவராக 1940 முதல் 1946 வரை அவர் கேட்காத வசை இல்லை. 1940இல் ஜனாப் ஜின்னாவுக்கு அவர் அனுப்பிய தந்திக்குக் கிடைத்த பதிலில், காங்கிரஸ் காட்சிக்கு வைத்திருக்கும் முஸ்லிம் என்று இழித்துரைக்கப்பட்டார். பிரிவினைக்கு முந்தைய ஆண்டுகளில் அலிகார் ரயில் நிலையத்தில் மாணவர்கள் சிலர் அவரை அவமதித்தனர்.

அதிகாரம் கைக்கு வந்தபோது அவர் செய்தது என்ன? அலிகார் பல்கலைக்கழகம் பிரிவினைக்குப் பிறகு பிழைக்குமா என்ற நிலை இருந்தது. கல்வி அமைச்சரான ஆஸாத் அதற்குத் துணை நின்றார். 1948இல் டாக்டர் ஜாகிர் உசேன் துணைவேந்தராகப் பொறுப்பேற்றார். 1949இல் பட்டமளிப்பு விழாவுக்கு மௌலானாவே போய் உரையாற்றினார். பழைய கணக்கைத் தீர்க்கவில்லை.

1947 அக்டோபரில் டெல்லி ஜாமிஆ மஸ்ஜிதில், மூட்டை கட்டி ஊரை விட்டுப் போகத் தயாராக நின்ற மக்களிடம் அவர் பேசிய உரை புகழ்பெற்றது. முன்பே எச்சரித்தேன், நீங்கள் கேட்கவில்லை என்று கடிந்துகொண்டார். ஆனால் அந்தக் கடிந்துரையின் நோக்கம் அவர்களைத் தடுத்து நிறுத்துவது. இது உங்கள் மண், போகாதீர்கள் என்பதே அதன் சாரம். சமுதாயத்திடம் கசப்பான உண்மையைச் சொல்பவர் அந்தச் சமுதாயத்தோடு சேர்ந்து நிற்பவராகவும் இருக்க வேண்டும் என்பதற்கு அந்த உரை சான்று.

நண்பர் நேருவும் முப்பது பக்கங்களும்

நட்பும் உண்மையும் நேருக்கு நேர் மோதிய இடம் அவரது கடைசி நூல். 1950களின் நடுவில், மாலை நேரங்களில் ஆஸாத் உர்துவில் சொல்லச் சொல்ல, ஹுமாயூன் கபீர் அதை ஆங்கிலத்தில் எழுதினார். அதுதான் 'இந்தியா வின்ஸ் ஃப்ரீடம்'. 1958 பிப்ரவரி 22 அன்று மௌலானா மறைந்தார். நூல் 1959இல் வெளிவந்தது.

நூலை நண்பரும் தோழருமான ஜவாஹர்லால் நேருவுக்கு அர்ப்பணித்திருந்தார். உள்ளே, அதே நேருவின் மீது கடுமையான விமர்சனம் இருந்தது. ஒன்றுபட்ட இந்தியாவைக் காக்கும் கடைசி வாய்ப்பாக ஆஸாத் கருதியது 1946ஆம் ஆண்டின் கேபினட் மிஷன் திட்டம். காங்கிரசும் முஸ்லிம் லீகும் ஏற்றிருந்த நிலையில், 1946 ஜூலை 10 அன்று பம்பாய் செய்தியாளர் கூட்டத்தில் நேரு, அரசியல் நிர்ணய சபைக்குள் காங்கிரஸ் எந்த உடன்பாட்டுக்கும் கட்டுப்படாமல் நுழையும் என்ற பொருளில் பேசினார். அந்த மாத இறுதியில் லீக் தன் ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. அந்தப் பேச்சு பெரும் தவறு என்று எழுதினார் ஆஸாத். நேரு தம் மிக அன்புக்குரிய நண்பர்களில் ஒருவர் என்று சொல்லிக்கொண்டேதான் எழுதினார். அதைவிட முக்கியமாக, தமக்குப் பின் காங்கிரஸ் தலைவராக நேருவின் பெயரை முன்மொழிந்தது தம் அரசியல் வாழ்வின் பெரும் பிழை என்று பழியைத் தம்மீதும் போட்டுக்கொண்டார்.

சுமார் முப்பது பக்கங்களை அப்போது வெளியிட வேண்டாம் என்று தீர்மானித்தார். முழுப் பிரதி முத்திரையிடப்பட்டு கல்கத்தா தேசிய நூலகத்திலும் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் வைக்கப்பட்டது. மறைந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகே திறக்க வேண்டும். 1988இல், நீதிமன்ற வழக்கு ஒன்றும் முடிந்த பின், முழு நூல் வெளிவந்தது. நண்பரின் குறைகள் பற்றிக் கூடுதலாகச் சில கடுஞ்சொற்கள் அதில் இருந்தன. நேரு 1964இலேயே மறைந்துவிட்டார்.

உண்மையை மறைத்தாரா மௌலானா? இல்லை. எழுதினார், பாதுகாத்தார், வெளிவரும் நாளையும் குறித்தார். நண்பர் பொறுப்பில் இருக்கும் காலத்தில் சொல்லும் சொல் யார் கையில் ஆயுதமாகும் என்று யோசித்தார். வரலாற்றுக்கு வேண்டிய உண்மை வேறு, அன்றைய பத்திரிகைக்கு வேண்டிய பரபரப்பு வேறு. இந்த இரண்டையும் அவர் பிரித்துப் பார்த்ததாகவே தோன்றுகிறது.

அவரும் தவறியிருக்கலாம்

ஆஸாத் சொன்னதெல்லாம் அப்படியே சரி என்று கொள்ள வேண்டியதில்லை. நினைவிலிருந்து சொல்லப்பட்ட அந்த நூலில் உள்ள தகவல் பிழைகளையும் முரண்களையும் ராஜ்மோகன் காந்தி 1989இல் ஒரு தனி நூலாகவே எழுதிக் காட்டினார். உதாரணமாக, அல்-ஹிலால் முதல் இதழ் ஜூன் மாதம் வந்ததாக மௌலானா சொல்கிறார். இதழில் அச்சான தேதி 1912 ஜூலை 13. நேருவின் ஒரு பேச்சால்தான் எல்லாம் கெட்டது என்பதையும் பல வரலாற்று ஆசிரியர்கள் ஏற்பதில்லை. நேர்மையாகப் பேசுபவரின் நினைவும் தவறலாம். ஆகவே உண்மையை நேசிப்பவர் தம் சொல்லையும் சரிபார்க்க இடம் கொடுக்க வேண்டும்.

தமிழகம் எடுத்த வேறு பாதை

1947 டிசம்பர் இறுதியில் லக்னோவில் ஆஸாத் தலைமையில் நடந்த மாநாட்டில், முஸ்லிம்கள் சமய அடிப்படையிலான அரசியல் கட்சிகளை விட்டுவிட்டுப் பொதுக் கட்சிகளில் சேர வேண்டும் என்று அறிவுரை கூறப்பட்டது. சென்னையில் கண்ணியத்துக்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அதை ஏற்கவில்லை. 1948 மார்ச் 10 அன்று இன்றைய ராஜாஜி மண்டபத்தில் கூடி, இந்திய யூனியன் முஸ்லிம் லீகைத் தொடர்வது என்று முடிவெடுத்தார்கள். தமிழக, கேரள முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் அந்த வழியில் சென்றனர்.

இருவரில் யார் சரி என்று இன்றும் நம் வீடுகளில் வாதம் நடக்கிறது. நடக்கட்டும். இருவரையும் ஒருங்கே பார்த்தால் ஒன்று விளங்கும். ஒருவர் பிற சமயத்தவர் பெரும்பான்மையாக இருந்த கட்சிக்குத் தலைமை தாங்கியும் தம் முஸ்லிம் அடையாளத்தைக் கைவிடவில்லை. மற்றவர் முஸ்லிம் கட்சியை நடத்தியும் அரசியல் நிர்ணய சபையில் தமிழின் தொன்மையை எடுத்துரைத்தார், ராஜாஜியோடும் அண்ணாவோடும் நட்புப் பாராட்டினார். பாதை வேறானாலும் குணம் ஒன்று.

நம் வீட்டுக்கு என்ன?

உங்களுக்கோ பெற்றோருக்கோ நெருங்கிய உறவினருக்கோ எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்ற கருத்தை சூரத்துன் நிஸாவின் 135ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கிறது. சமூகத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை அநீதிக்குத் தூண்டக் கூடாது என்பது சூரத்துல் மாயிதாவின் 8ஆம் வசனத்தின் பாடம். அன்பும் நீதியை வளைக்கக் கூடாது, வெறுப்பும் வளைக்கக் கூடாது. நேருவிடம் முதலாவதையும், தம்மை ஏசியவர்களிடம் இரண்டாவதையும் கடைப்பிடிக்க முயன்றவர் மௌலானா.

இதை நம் அளவில் செய்வது அவ்வளவு பெரிய காரியம் அல்ல. ஜமாஅத் கணக்கில் நம் சொந்தக்காரர் தவறியிருந்தால் அதைக் கூட்டத்தில் பண்போடு சொல்லலாம். பக்கத்துக் கடை நண்பரைப் பற்றி வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை, அவரையே கேட்காமல் மற்றவர்களுக்கு அனுப்பாமல் இருக்கலாம். அவர் நம் மார்க்கத்தைத் தவறாகப் புரிந்திருந்தால் கோபப்படாமல் விளக்கலாம். நாம் அவர் சமயத்தைப் பற்றித் தெரியாமல் பேசியிருந்தால் ஒப்புக்கொள்ளலாம்.

மௌலானாவே இதற்கு ஒரு வழி வைத்துவிட்டுப் போனார். 'இந்தியா வின்ஸ் ஃப்ரீடம்' நூலின் உரிமைத்தொகையில் பெரும்பகுதி இரண்டு பரிசுகளுக்குப் போகும் என்று ஹுமாயூன் கபீர் முன்னுரையில் குறிப்பிடுகிறார். இஸ்லாத்தைப் பற்றி முஸ்லிம் அல்லாதவர் எழுதும் சிறந்த கட்டுரைக்கு ஒன்று. இந்து சமயத்தைப் பற்றி முஸ்லிம் எழுதும் சிறந்த கட்டுரைக்கு மற்றொன்று. போட்டியாளர்கள் முப்பது வயதுக்கு மேற்படாதவர்களாக இருக்க வேண்டும். இந்தியாவோடு பாகிஸ்தான் குடிமக்களும் கலந்துகொள்ளலாம். தீபம் ஏற்றும் மலையடிவாரத்தில் பாங்கு சத்தம் கேட்டு வளரும் நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான போட்டி ஏது? நம் மதரஸா ஆண்டுவிழாவிலோ பள்ளிக்கூடத்திலோ சிறிய அளவில் இதை நாமே நடத்திப் பார்க்கலாம்.

இன்று அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழக நூலகத்துக்கு மௌலானா ஆஸாத் பெயர்தான். அதே நூலகத்தில் ஹபீப்கஞ்ச் தொகுப்பு என்ற அரிய சுவடித் தொகுப்பு இருக்கிறது. அது 'ஸதீகே முகர்ரம்' என்று அவர் விளித்த ஷெர்வானி அவர்கள் வாழ்நாளெல்லாம் சேர்த்தது. சிறையிலிருந்து அனுப்ப முடியாத கடிதங்களை எழுதியவரின் பெயரும், அந்தக் கடிதங்களுக்கு உரியவரின் நூல்களும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்திருக்கின்றன.

அல்லாஹ் அவ்விருவரின் பிழைகளைப் பொறுத்து, மறுமையில் உயர்ந்த பதவியை அருள்வானாக. நம் நட்பில் உண்மையையும், உண்மையைச் சொல்லும்போது கனிவையும் நமக்குத் தருவானாக. ஆமீன்.